வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்: காய்ச்சலும் பெண்களின் முடிவுகளும், 1918 முதல் 2021 வரை

இந்தியாவில் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கத் தொடங்கியதிலிருந்து, நாட்டின் மக்கள்தொகை குறைந்ததாகப் பதிவான பத்தாண்டு ஒன்றே ஒன்றுதான்: 1911 முதல் 1921 வரை. இன்றைய இந்திய எல்லைக்குள் கணக்கிட்டால் 25.2 கோடியாக இருந்தவர்கள் 25.1 கோடியானார்கள். பத்து வருடப் பிறப்புகளையெல்லாம் விழுங்கிவிட்டு அதற்கு மேலும் எடுத்துக்கொண்டது 1918இன் இன்ஃபுளுயன்சா. அந்த ஒரு வருடத்துக்குள் இந்தியாவில் இறந்தவர்களின் எண்ணிக்கை 1.2 கோடியிலிருந்து 1.8 கோடி வரை இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். முதல் உலகப்போர் நான்காண்டுகளில் கொன்ற மொத்தப் படைவீரர்களைவிட இது அதிகமாக இருக்கக்கூடும்.

அதே கணக்கெடுப்பில் இன்னோர் எண்ணும் இருக்கிறது. ஆயிரம் ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்ற கணக்கு 1911இல் 964; 1921இல் 955. இன்றைய தமிழ்நாட்டுப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால் 1042 ஆக இருந்தது 1029 ஆயிற்று. பாலின விகிதம் பல காரணங்களால் மாறும். இந்தச் சரிவு முழுவதையும் ஒரு காய்ச்சலின் தலையில் கட்டிவிட முடியாது. ஆனாலும் அந்தக் காய்ச்சலில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் இறந்தார்கள் என்பதை அன்றைய அரசு அறிக்கைகளே ஒப்புக்கொண்டன. அமெரிக்கா போன்ற நாடுகளில் அதே நோய் இளம் பெண்களைவிட இளம் ஆண்களைத்தான் அதிகம் கொன்றது. வைரஸ் ஒன்றுதான். இங்கே அது ஏன் பெண்களின் பக்கம் சாய்ந்தது?

இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனவள் வந்து நின்ற இடம் அடுப்படி. காய்ச்சல், இருமல், சளி, மூச்சிரைப்பு என்று ஒருவர் படுத்தால் ‘வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்கிறோமே, அந்த வாக்கியத்தில் பார்த்துக்கொள்கிறவர் யார் என்று சொல்லப்படுவதில்லை. தமிழ் இலக்கணத்தில் எழுவாயை விட்டுவிட்டுப் பேசலாம். யார் என்று கேட்பவருக்குத் தெரியும். மருத்துவ வரலாறும் அந்த எழுவாயை விட்டுவிட்டுத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

*

1918 கோடையில் கப்பல்கள் வழியாகப் பம்பாய்க்கு வந்து சேர்ந்த நோய், இரயில் பாதைகளைப் பிடித்துக்கொண்டு நாடு முழுவதும் பரவியது. முதல் அலை மிதமானது. செப்டம்பரில் தொடங்கிய இரண்டாவது அலைதான் கொடூரமானது. பம்பாய் மாகாணமும் மத்திய மாகாணமும் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் சென்னை மாகாணத்தின் இழப்பு குறைவு. குறைவு என்றாலும் லட்சக்கணக்கில்தான்.

அன்றைய மருத்துவத்திடம் என்ன இருந்தது? நோய்க்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்று 1892இல் ரிச்சர்ட் ஃபைஃபர் சொன்னதைத்தான் பலரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். மனிதருக்கு வரும் இன்ஃபுளுயன்சா வைரஸை ஆய்வகத்தில் பிரித்தெடுத்தது 1933இல்தான். மலேரியாவுக்கான கொய்னாவை இதற்கும் கொடுத்தார்கள். அதனால் இந்த வைரஸுக்கு ஒன்றும் ஆகாது. ஆஸ்பிரின் கொடுத்தார்கள், அது காய்ச்சலையும் வலியையும் தணிக்கும், நோயைத் தீர்க்காது. இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது வைரஸுக்குப் பின்னால் நுழைந்த பாக்டீரியா நிமோனியா. அதற்கு மருந்தாகப் பின்னாளில் வந்த பெனிசிலின் மக்கள் கைக்குக் கிடைக்க இன்னும் கால் நூற்றாண்டு இருந்தது.

ஆக, 1918இல் லண்டன் மருத்துவமனையிலும் சரி, தஞ்சாவூர்க் கிராமத்துத் திண்ணையிலும் சரி, உண்மையில் உயிரைக் காப்பாற்றக்கூடியதாக இருந்தவை சில எளிய காரியங்கள்தான். நோயாளி எழுந்து நடமாடாமல் படுத்திருக்க வேண்டும். நாக்கு வறளாமல் தண்ணீரோ கஞ்சித்தண்ணீரோ புகட்ட வேண்டும். வியர்த்த துணியை மாற்ற வேண்டும். காற்றோட்டம் வேண்டும், குளிரும் தாக்கக் கூடாது. இரவில் யாராவது விழித்திருந்து மூச்சைக் கவனிக்க வேண்டும். இதைப் பணிவிடை என்று சொல்லி மருத்துவத்தின் வாசலுக்கு வெளியே நிறுத்துவது நமக்குப் பழகிவிட்டது. ஆனால் குறிப்பான மருந்து என்று எதுவும் இல்லாத ஒரு நோயில் பராமரிப்புதான் மருத்துவம். அதைச் செய்தவர்கள்தான் மருத்துவர்கள்.

அவர்களுக்கு நேர்ந்தது என்ன? காலனிய அரசின் சுகாதார அறிக்கைகளும் கணக்கெடுப்பு அறிக்கைகளும் இரண்டு விஷயங்களைக் குறித்திருக்கின்றன. ஒன்று, 20க்கும் 40க்கும் இடைப்பட்ட வயதினரை இந்நோய் அதிகம் கொன்றது. அதிலும் கர்ப்பிணிகளிடையே இறப்பு அதிகமாக இருந்தது. மற்றொன்று, பெண்கள் தங்களுக்கே காய்ச்சல் கண்ட பிறகும் வழக்கமான வீட்டு வேலையோடு மற்றவர்களுக்குப் பணிவிடை செய்யும் வேலையையும் சுமந்தார்கள். அதிகாரிகள் இதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு அடுத்த அட்டவணைக்குப் போய்விட்டார்கள். நாம் அந்த வாக்கியத்திலேயே கொஞ்ச நேரம் நிற்கலாம்.

படுத்திருப்பதுதான் மருந்து என்றால், அந்த மருந்து வீட்டில் எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கவில்லை என்று அதற்கு அர்த்தம். இருமுகிறவரின் பக்கத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்து, தலையைத் தூக்கிப் பிடித்துக் கஞ்சி புகட்டுகிறவர் மற்றவர்களைவிட அதிகமான வைரஸைச் சுவாசித்தார். வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவர் நோயைத் தாங்கும் சக்தி குறைந்தவராகவே நோய்க்குள் நுழைந்தார். 1918 சாதாரண வருடமும் அல்ல. போரினால் விலைவாசி ஏறியிருந்தது. தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. சென்னை மாகாணத்தில் பல ஊர்களில் தானியக் கடைகள் சூறையாடப்பட்டன. செப்டம்பரில் சென்னை நகரத்திலேயே கலகம் வெடித்தது. பானையில் சோறு குறைந்தால் அந்தக் குறைவு யாருடைய தட்டில் விழும் என்பதைத் தமிழ் வீடுகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

என் பாட்டியின் அம்மா அந்த வருடம் ஐப்பசியில் இறந்தார். ‘விஷக்காய்ச்சல் வந்து பிள்ளைத்தாய்ச்சியாப் போய்ட்டா’ என்பதற்கு மேல் எங்கள் குடும்பத்தில் அவரைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. அதே காய்ச்சலில் பிழைத்த அவருடைய கணவர் எந்த வைத்தியரிடம் சூரணம் வாங்கினார், எத்தனை நாள் படுத்திருந்தார், எழுந்ததும் எந்தக் கோயிலுக்கு வேண்டுதல் செலுத்தினார் என்பதெல்லாம் கதையாக இறங்கி வந்திருக்கிறது. அந்தச் சூரணத்தைத் தேனில் குழைத்து நாக்கில் தடவியது யார் என்று நான் கேட்டபோது பாட்டி சற்று யோசித்துவிட்டு, ‘வேற யாரு, அவதான்’ என்றார். ஆவணக் காப்பகத்தில் ஓர் அதிகாரியின் ஒற்றை வாக்கியத்துக்கும் எங்கள் பாட்டியின் ஒற்றை வாக்கியத்துக்கும் இடையில் நான் கண்ட ஒற்றுமை இதுதான்: இரண்டுமே உண்மையைச் சொல்கின்றன, இரண்டுமே அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கின்றன.

*

அடுப்படியில் நடந்த மருத்துவத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயரையும் கவனிக்க வேண்டும். பாட்டி வைத்தியம், கை வைத்தியம். ஆண் செய்தால் அவர் வைத்தியர்; தொழிலின் பெயர் அவருக்கு உண்டு. பெண் செய்தால் உறவின் பெயர்தான்.

இந்தப் பெயரிடலுக்கு ஒரு வரலாறு உண்டு. 1921இல் சென்னை மாகாண அரசு உள்நாட்டு மருத்துவ முறைகளை ஆராய முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 1923இல் அறிக்கை வந்தது. ஆயுர்வேதம், சித்தம், யுனானி மூன்றும் அறிவியல் அடிப்படை கொண்டவையா என்பது விவாதப்பொருள். அது தேவையான விவாதம்; அதன் தொடர்ச்சியாகத்தான் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி உருவானது. ஆனால் அந்த விவாதம் ஏட்டில் உள்ளதையும், குரு சீட முறையில் கற்றதையும், மருத்துவசாலை நடத்துவதையும்தான் மருத்துவம் என்று எடுத்துக்கொண்டது. கசாயம் காய்ச்சுகிறவளின் அறிவு அதில் ஒரு முறையாக நுழையவில்லை.

இன்னொரு பக்கம், பெண்கள் மருத்துவக் கல்விக்குள் மெல்ல வந்துகொண்டிருந்ததும் இதே காலம்தான். மருத்துவம் படித்து 1912இல் முத்துலட்சுமி ரெட்டி வெளியே வந்திருந்தார். வேலூரில் ஐடா ஸ்கட்டர் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது 1918 ஆகஸ்டில், கொடிய இரண்டாவது அலைக்குச் சில வாரங்கள் முன்பு. ஆண் மருத்துவரின் முன் வரமுடியாத, அல்லது வர அனுமதிக்கப்படாத பெண்கள் இறந்துபோகிறார்கள் என்பதே அந்தப் பள்ளிக்குப் பின்னால் இருந்த காரணம். படித்த பெண் மருத்துவர்கள் மாகாணம் முழுவதற்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருந்த வேளையில், லட்சக்கணக்கான பெண்கள் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து முடிவுகள் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அவை முடிவுகள்தான் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சுக்கும் மிளகும் திப்பிலியும் தட்டிப் போடுவது கைப்பழக்கம் போலத் தெரியும். ஆனால் இந்த இருமல் வறட்டு இருமலா சளி இருமலா, குழந்தைக்கு ஆடாதோடையின் கசப்பு எவ்வளவு தாங்கும், கற்பூரவல்லிச் சாறு போதுமா, இன்று குளிப்பாட்டலாமா, சோறா கஞ்சியா, நாளைவரை பார்க்கலாமா என்று அவள் ஒவ்வொரு மணி நேரமும் தீர்மானித்துக்கொண்டிருக்கிறாள். நோயாளியின் முகத்தைத் தினமும் பார்க்கிறவளுக்கு மட்டுமே தெரியக்கூடிய மாற்றங்கள் அவளுடைய தரவு.

இதைச் சொல்லும்போதே எதிர்த்திசையில் சறுக்கிவிடவும் கூடாது. பெண்களின் அறிவு என்பதாலேயே எல்லாக் கை வைத்தியமும் நல்லது என்று கொண்டாடுவது பெண்ணியமாகாது. சிலவற்றுக்கு ஆதாரம் இருக்கிறது. இரவில் ஒரு கரண்டி தேன் குழந்தைகளின் இருமலைத் தணிக்கும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு மட்டும் தேன் கூடவே கூடாது, அதிலிருக்கக்கூடிய நுண்ணுயிர் ஆபத்தானது. சூடான இரசமும் கஞ்சியும் உடலுக்கு நீரும் உப்பும் கொடுக்கின்றன. ஆவி பிடித்தால் மூக்கடைப்பு சற்று நேரம் இளகியது போலிருக்கும். நோயின் நாட்கள் குறைவதில்லை, கொதிக்கும் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகும் குழந்தைகள் உண்டு. சில பழக்கங்கள் நேரடியாகவே தீங்கு: பச்சைக் குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடுவதால் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வருவதைத் தமிழ்நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் இன்றும் பார்க்கிறார்கள். ‘லங்கணம் பரம ஔஷதம்’ என்று பட்டினியை மருந்தாக்கும் பழமொழி, அரைவயிறு உண்டு பழகிய பெண்ணுக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் என்ன செய்யும் என்பதை அது யோசிக்கவில்லை. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று கேட்கும் உரிமையும் அறிவின் ஒரு பகுதி. பாட்டி வைத்தியத்தைப் புனிதமாக்குகிறவர்கள் அந்த உரிமையைப் பாட்டிக்கே கொடுப்பதில்லை.

*

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் மாத்திரை வந்து உட்கார்ந்தது. அதற்கு முன்பே தைலம் வந்துவிட்டது. பம்பாயில் 1893இல் தொடங்கிய அமிர்தாஞ்சன் 1914இல் சென்னைக்கு இடம்பெயர்ந்து வீட்டுப் பொருளாயிற்று. மஞ்சள் தைலப் புட்டி, பின்னர் ஆஸ்பிரின், பின்னர் பாராசிட்டமால். சளிக்கு என்ன செய்வது என்ற முடிவில் சந்தையும் ஒரு கட்சியாகச் சேர்ந்தது.

அளவுக்கு மிஞ்சிய மருந்தின் அபாயத்தை 1918ஏ காட்டியிருக்கக்கூடும். ஆஸ்பிரின் காப்புரிமை முடிந்து பலரும் தயாரிக்கத் தொடங்கியிருந்த அந்த நேரத்தில், அமெரிக்காவில் இன்று நச்சு என்று கருதப்படும் அளவுக்கு ஆஸ்பிரின் பரிந்துரைக்கப்பட்டது. அங்கே நிகழ்ந்த சில மரணங்களுக்கு அதுவும் காரணமாக இருக்கலாம் என்று கேரன் ஸ்டார்கோ 2009இல் வாதிட்டார். 1980களில், காய்ச்சலின்போது ஆஸ்பிரின் கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு மூளையையும் ஈரலையும் தாக்கும் ரேய் நோய் வருவது உறுதிப்பட்டு, குழந்தைகளுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கை வந்தது. வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் பிள்ளைக்குக் கொடுக்கும் அம்மாவிடம் இந்தச் செய்தி எப்போது, யார் வழியாக வந்து சேர்ந்தது? மருந்து வந்த வேகத்தில் மருந்தைப் பற்றிய அறிவு வரவில்லை.

ஆன்டிபயாட்டிக்கின் கதையும் இதுதான். வைரஸ் காய்ச்சலில் அதனால் பயனில்லை. இருந்தும் மெடிக்கல் ஷாப்பில் ‘மூணு வேளைக்குக் குடுங்கண்ணா’ என்று வாங்கிப்போகும் பெண்ணை அறியாமையின் உருவமாகக் காட்டும் விழிப்புணர்வுப் பிரசுரங்களைப் பார்த்திருக்கிறேன். அவள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். டாக்டரிடம் போனால் ஒரு நாள் கூலி போகும், டாக்டர் பீஸ் தனி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டும், வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்குச் சமைக்க ஆளில்லை. டாக்டரும் பெரும்பாலும் அதே மாத்திரையைத்தான் எழுதித் தருவார். அவள் எடுத்தது பிழையான மருந்தாக இருக்கலாம். ஆனால் அவளுக்கு முன்னால் இருந்த வழிகளில் அது யோசித்து எடுத்த முடிவு. அவளைத் திட்டுவதால் வழிகள் கூடுவதில்லை.

*

வீட்டு வைத்தியத்தில் இரண்டு வகை முடிவுகள் உண்டு. கசாயமா, மாத்திரையா, கஞ்சியா என்ற முடிவு பெண்ணிடம் விடப்பட்டிருக்கிறது. ‘இனி வீட்டில் வைத்திருக்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும்’ என்ற முடிவு பெரும்பாலும் அவளிடம் இல்லை. அதற்குப் பணம் வேண்டும், வண்டி வேண்டும், மாமியாரோ கணவரோ சரி என்று சொல்ல வேண்டும். மூச்சு மாறுவதை முதலில் பார்க்கிறவள் அவள். அதன்மேல் முடிவெடுக்க அதிகாரம் உள்ளவர் அந்த நேரத்தில் அங்கே இருப்பதில்லை. பிள்ளை பிழைத்தால் கடவுள் புண்ணியம், இல்லாவிட்டால் ‘பெத்தவ கவனிக்கல’. பொறுப்பு முழுவதும் அவளுக்கு, அதிகாரம் பாதி மட்டும்.

இந்த இரண்டையும் ஒன்றுசேர்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தியாவிலேயே ஒரு சான்று இருக்கிறது. மராட்டிய மாநிலத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் ராணி பங், அபய் பங் இருவரும் நடத்திய ஆய்வு 1990இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. குழந்தைகளின் நிமோனியாவை அடையாளம் காண ஸ்டெதாஸ்கோப்போ எக்ஸ்ரேயோ அவசியமில்லை, மூச்சை எண்ணினால் போதும் என்று அதற்குள் உலக சுகாதார நிறுவனம் வழிமுறை வகுத்திருந்தது. இரண்டு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு நிமிடத்துக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 என்ற அளவை மூச்சு எட்டினால் ஆபத்து. கட்சிரோலியில் எழுதப் படிக்கத் தெரியாத மருத்துவச்சிகளுக்கும், மணற்கடிகையும் மணிகளும் கொண்ட ஓர் எளிய எண்ணும் கருவி கொடுக்கப்பட்டது. கிராமத்துச் சுகாதார ஊழியர்களும் மருத்துவச்சிகளும் மூச்சை எண்ணினார்கள். தேவைப்பட்டால் கையில் இருந்த ஆன்டிபயாட்டிக்கைத் தாங்களே கொடுத்தார்கள். அந்தக் கிராமங்களில் நிமோனியாவால் இறந்த குழந்தைகளின் விகிதம், ஒப்பீட்டுக்கு எடுத்த கிராமங்களில் இருந்ததில் பாதிக்கும் குறைவாக இருந்தது.

இந்த ஆய்வை நான் மாணவிகளுக்குச் சொல்லும்போது அவர்கள் முதலில் வியப்பது படிக்காத பெண்களால் நிமோனியாவைக் கண்டுபிடிக்க முடிந்தது என்பதற்கு. எனக்கு வியப்பு வேறிடத்தில். கவனிக்கும் திறன் அவர்களிடம் முன்பே இருந்தது. புதிதாக அவர்களுக்குக் கிடைத்தவை மூன்று: எந்த எண்ணில் பயப்பட வேண்டும் என்ற தெளிவு, கைக்கெட்டும் சரியான மருந்து, யாரையும் கேட்காமல் அதைக் கொடுக்கும் அதிகாரம். இவை மூன்றும் இல்லாத வீட்டில் பெண்ணின் கவனிப்பு கவலையாகத் தேங்கிப்போகிறது.

*

நூற்றிரண்டு வருடம் கழித்து அதே காட்சி வேறு உடையில் வந்தது. 2020இல் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வீட்டுத் தனிமை நெறிமுறையில், லேசான கொரோனா தொற்று உள்ளவர் வீட்டிலேயே இருக்கலாம் என்று சொல்லிவிட்டு ஒரு நிபந்தனை வைத்தார்கள்: 24 மணி நேரமும் கவனித்துக்கொள்ளப் பராமரிப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். முகக்கவசம், கையுறை, தனிப் பாத்திரம், கிருமிநீக்கம் என்று அந்தப் பராமரிப்பாளர் செய்ய வேண்டியவற்றின் பட்டியல் நீளமானது. அவர் யார், அவருக்குக் கூலி உண்டா, அவர் படுத்தால் அவரை யார் பார்ப்பார் என்ற கேள்விகள் அதில் இல்லை. எழுவாய் மறுபடியும் விடுபட்டது.

விடை வேறோர் அரசு ஆவணத்தில் இருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதற்குச் செலவிட்டார்கள். ஆண்களில் நான்கில் ஒருவர்தான் அதில் ஈடுபட்டார், அவரும் 97 நிமிடம்தான். வீட்டில் உள்ளவர்களைப் பராமரிப்பதற்குப் பெண்கள் 134 நிமிடம், ஆண்கள் 76 நிமிடம். இது தொற்றுக்கு முந்தைய சாதாரண நாட்களின் கணக்கு. இதற்கு மேல்தான் 24 மணி நேரப் பராமரிப்பாளர் பதவி வந்தது.

தமிழ்நாட்டில் ‘ஆரோக்கியம்’ திட்டத்தின் கீழ் அரசு கபசுரக் குடிநீரையும் நிலவேம்புக் குடிநீரையும் விநியோகித்தது. கபசுரக் குடிநீரின் பதினைந்து சரக்குகளில் சுக்கு, திப்பிலி, இலவங்கம், ஆடாதோடை, கற்பூரவல்லி ஆகியவை அஞ்சறைப் பெட்டியிலும் கொல்லையிலும் முன்பே இருந்தவைதான். அரசு முத்திரையோடு பொட்டலமாக வந்தபோது அது பாட்டி வைத்தியம் என்ற பெயரை உதறிவிட்டு ‘நோய் எதிர்ப்பாற்றல்’ ஆகிவிட்டது. அது கொரோனாவைக் குணமாக்கும் என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை. அளவோடு குடித்தவர்களில் பலருக்கு அது கொடுத்தது ஏதோ செய்கிறோம் என்ற ஆறுதல். அந்த ஆறுதலைத் தினமும் காலையில் நீர் கால் பங்காகச் சுண்டும்வரை அடுப்பில் நின்று காய்ச்சியவர் பெண்.

2021 ஏப்ரல், மே மாதங்களின் இரண்டாவது அலையில் வீட்டு முடிவுகள் உயிர் முடிவுகளாயின. மருத்துவமனையில் இடமில்லை. எங்கள் தெருவில் ஒரே ஒரு பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இருந்தது. வீடு வீடாகக் கைமாறியது. 94க்குக் கீழே போனால் போன் செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் மனப்பாடம். அந்த நாட்களில் நான் பேசிய பெண்களில் பலர் மாமனாருக்கு, கணவருக்கு, பிள்ளைகளுக்கு எந்த நாளில் எந்த எண் என்று நோட்டில் குறித்து வைத்திருந்தார்கள். ‘உங்களுக்கு எவ்வளவு இருந்தது அக்கா?’ என்று கேட்டால், தன் விரலை அதில் வைத்துப் பார்த்ததில்லை என்று சொன்னவர்கள் உண்டு. ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: ‘எனக்குக் கொறஞ்சிருந்தாலும் நான்தான எந்திரிச்சு ரசம் வைக்கணும்? பாத்து என்ன ஆகப்போகுது?’

அதே வாட்ஸ்அப் வழியாக நல்லதும் கெட்டதும் ஒன்றாக வந்தன. குப்புறப் படுத்தால் மூச்சு எளிதாகும் என்ற செய்தி உதவியது. ஸ்டீராய்டு மாத்திரையின் பெயரும் அதே வழியில் வந்தது. ஆக்ஸிஜன் தேவைப்படும் நோயாளிகளின் உயிரை டெக்ஸாமெத்தசோன் காப்பாற்றும், ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயனில்லை என்று பிரிட்டனின் ‘ரிகவரி’ ஆய்வு 2020 ஜூனிலேயே சொல்லிவிட்டது. முதல் பாதி பரவியது, இரண்டாம் பாதி பரவவில்லை. தேவையில்லாமலும் முன்கூட்டியும் எடுத்த ஸ்டீராய்டு, கட்டுப்பாடில்லாத சர்க்கரையோடு சேர்ந்து கருப்புப் பூஞ்சை நோய்க்கு வழிவகுத்தது. பொது இடங்களில் ஆவி பிடிக்க வைப்பது தொற்றைப் பரப்பும் என்று அந்த மே மாதத்தில் சுகாதாரத் துறை அமைச்சரே எச்சரிக்க வேண்டியிருந்தது.

கொரோனாவில் பதிவான மரணங்களில் ஆண்கள்தான் அதிகம். 1918 அப்படியே திரும்பவில்லை. ஆனால் மரணத்தை மட்டும் எண்ணினால் கண்ணுக்குத் தெரியாத செலவு ஒன்று உண்டு: காய்ச்சலோடு நின்று சமைத்த நாட்கள், பிறகு மாதக்கணக்கில் விடாத களைப்பு, அதை ‘சோம்பேறித்தனம்’ என்று கேட்ட வீடு. இந்தக் கணக்குக்கு எந்த அறிக்கையிலும் அட்டவணை இல்லை.

*

பெரும்பாலான வைரஸ் சளிக்காய்ச்சலை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்பது உண்மை. ஓய்வு, நீர், எளிய உணவு, காய்ச்சல் வாட்டினால் எடைக்கும் வயதுக்கும் ஏற்ற அளவில் பாராசிட்டமால், இவை போதும். மூச்சு வாங்குவது, நெஞ்சுவலி, உதடு நீலம் பாரிப்பது, குழப்பம், எதுவும் குடிக்க முடியாமை, தேறிய பிறகு மறுபடி காய்ச்சல் ஏறுவது, குழந்தையின் மூச்சு எண்ணிக்கை கூடுவது அல்லது விலா உள்ளிழுப்பது, இவற்றில் ஒன்று வந்தாலும் வீடு போதாது. கர்ப்பிணிகளும் முதியவர்களும் சர்க்கரை, இதய நோய் உள்ளவர்களும் இந்த எல்லையை எட்டும்வரை காத்திருக்காமல் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். 1918இல் கர்ப்பிணிகளுக்கு நேர்ந்தது 2009இன் பன்றிக் காய்ச்சலிலும் தெரிந்தது: இன்ஃபுளுயன்சா அவர்களைக் கடுமையாகத் தாக்குகிறது.

இந்தப் பட்டியல் எந்த நலக் கையேட்டிலும் கிடைக்கும். வரலாறு படித்தவளாக நான் அதோடு சேர்க்க விரும்புவது சில கேள்விகள். வீட்டில் ஒருவர் படுத்தவுடன், ‘என்ன மருந்து’ என்பதற்கு முன்னால், யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். இரவு யார், பகல் யார், அவளுக்குக் காய்ச்சல் வந்தால் யார். அவளுடைய மூச்சை யார் எண்ணுவார்கள், அவளுடைய விரலில் யார் அந்தக் கருவியை மாட்டுவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் பணம் யார் கையில் இருக்கிறது, கேட்காமல் எடுக்கலாமா. படுத்திருப்பது மருந்தென்றால் அவளுக்கு அந்த மருந்து எத்தனை நாள்.

இவை ஒரு வீட்டுக்குள் தீர்ந்துவிடும் கேள்விகளும் அல்ல. நோய்க்கால விடுப்பில் பராமரிப்பாளருக்கு இடம் உண்டா, அமைப்புசாராத் தொழிலாளிக்கு இழந்த கூலியை யார் கொடுப்பது, கிராமச் சுகாதாரச் செவிலியர் ஒருவர் எத்தனை ஆயிரம் பேரைப் பார்ப்பார், அடுத்த தொற்றுக்கான நெறிமுறையில் ‘பராமரிப்பாளர் இருக்க வேண்டும்’ என்ற வரிக்குக் கீழே அவருக்கான வரிகள் இருக்குமா என்று அரசிடம் கேட்க வேண்டியவை. சுவாசத்தொற்றுகள் இனியும் வரும். 1918இல் அதிகாரிகள் ஒரு வாக்கியம் எழுதினார்கள், 2020இல் ஒரு நிபந்தனை எழுதினார்கள். அடுத்த முறை அந்த வரியை எழுதும் மேசையில், அதைச் செய்யப்போகிறவர்களும் உட்கார்ந்திருக்க வேண்டும்.